பிறப்புரிமை யாருக்கு உரியது?

பெற்றோரின் இயல்புகள் பிள்ளைகளிடம் சென்று சேருமாற்றை ஆராயும் விஞ்ஞானத்துக்குத் தமிழ்நாட்டார் மரபியல் என்று பெயரிட்டனர். இலங்கையில் நாம் அதனைப் பிறப்புரிமையியல் என்று படித்தோம். இச்சொல்லை ஆக்கியோர், பிறப்போடு உயிருக்கு வந்து சேரும் இயல்பு என்ற பொருளையே மனத்திற் கொண்டிருத்தல் வேண்டும். ஆயினும் வழக்கிலே பிறப்புரிமை என்றால் வேறொரு பொருளும் உண்டு. பிறந்த காரணத்தினாலேயே ஒருவருக்கு உரித்தாகும் மண்ணும் சொத்தும் சுதந்திரமும் அச்சொல்லால் குறிக்கப்படுகின்றன. உலக நாடுகள் கூடிக் கூடி வழக்காடும் பெரியதொரு பிரச்சினை இவ்விரு பொருள்களுக்கும் நடுவே கிடக்கின்றது. காட்டு மரத்தின் வித்திலும், மலையடிவாரத்துப் பல்லியின் முட்டையிலும், வெந்நீரூற்றில் வாழும் நுண்ணுயிரிலும் உறைகின்ற பிறப்புரிமை, யாருடைய பிறப்புரிமை?

இது சட்டத்தரணிகளின் வாதம் மட்டும் அன்று. நாம் உண்ணும் சோற்றோடு தொடர்புடையது. நெற்பயிரைக் குட்டையாக்கிக் கதிர் விடாமற் செய்யும் வைரசு நோயொன்று ஆசிய வயல்களைத் தாக்கியபோது, பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல்லாராய்ச்சி நிலையத்தார் அதனை எதிர்க்கும் ஆற்றலைத் தேடி 6,000க்கும் மேற்பட்ட நெல்லினங்களைச் சோதித்தனர். அவ்வாற்றல் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் 1963இல் சேகரிக்கப்பட்ட ஒரைசா நிவாரா என்னும் காட்டு நெல்லின் ஒரு சேகரிப்பில் மாத்திரமே கிடைத்தது. அதிலிருந்து பெற்ற பரம்பரையலகு 1970களில் வெளியான புதிய நெல்லினங்களிற் சேர்க்கப்பட்டு ஆசியாவின் வயல்களெங்கும் பரவிற்று. உழவன் களையென்று பிடுங்கி எறியும் ஒரு புல்லிலே கோடிக்கணக்கானோரின் உணவுக்குக் காவல் இருந்தது. அந்தப் புல்லுக்கு அன்று விலையும் இல்லை, உடைமையாளரும் இல்லை.

கப்பலேறிய வித்துக்கள்

இவ்விடயத்தை விளங்கிக்கொள்ள இலங்கையர் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் நிரை நிரையாக நிற்கும் இறப்பர் மரங்களே போதிய சான்று. அவை அமேசன் காட்டின் பிள்ளைகள். 1876இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர், பிரேசில் நாட்டின் தப்பாஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் வித்துக்களைச் சேர்த்துக் கப்பலேற்றி, இலண்டனை அடுத்த கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டு சென்றார். ஆயிரம் வித்துக்குப் பத்துப் பவுண் என்பது அவருக்குப் பேசப்பட்ட விலை. எண்ணெய்ப்பசை மிகுந்த அவ்வித்துக்கள் விரைவிலே முளைக்குந் திறனை இழப்பவை. ஆதலால் நூற்றுக்கு நான்கு கூட முளைக்கவில்லை. முளைத்தவற்றிலே 1,919 நாற்றுக்கள் கண்ணாடிப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்கா அவற்றுக்காகவே அமைக்கப்பட்டது. அங்கிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்கள் பெருகின.

விக்காமை வித்துத் திருடர் என்று பிரேசில் மக்கள் இன்றும் பழிப்பர். பிரித்தானிய அரசோ 1920இல் அவருக்குச் சேர் பட்டம் வழங்கிற்று. இவ்விரண்டில் எது நியாயம் என்று வினவின், சட்டம் தரும் விடை வியப்பானது. இறப்பர் வித்தை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லுதலைத் தடுக்கும் சட்டம் எதுவும் அன்று பிரேசிலில் இருந்ததில்லை. எனவே சட்டத்தின்படி அது திருட்டு அன்று. ஆனால் விளைவை நோக்குங்கள். 1913 அளவில் ஆசியத் தோட்டங்களின் இறப்பர், அமேசன் காட்டு இறப்பரை உலகச் சந்தையில் விஞ்சிவிட்டது. இறப்பர்ச் செல்வத்தால் இசைநாடக மண்டபம் எழுப்பிய மனாவுஸ் நகரம் வறுமையில் ஆழ்ந்தது. ஒரு நாட்டின் பொருளாதாரம் சில கூடை வித்துக்களோடு இன்னொரு கண்டத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்த இடமாற்றத்தால் பயன் பெற்ற நாடுகளுள் நம் நாடும் ஒன்று என்பதை மறத்தல் தகாது. நமது வளங்களைப் பிறர் கொண்டு செல்கின்றனர் என்று முறையிடும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் நமது கையும் முற்றிலும் வெறுங்கை அன்று.

உடலுக்கு உரிமை, குலத்துக்கு?

சட்டம் ஏன் மௌனமாய் இருந்தது? அதன் வேர் மிகப் பழையது. 533இல் உரோமப் பேரரசன் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டத் தொகுப்பின்படி, காட்டு விலங்கும் பறவையும் மீனும் எவருக்கும் உரியவை அல்ல. பிடித்தவன் எவனோ அவனே உடைமையாளன். அது தப்பியோடித் தன் இயற்கைச் சுதந்திரத்தை மீண்டும் பெற்றால் அவனுடைய உரிமையும் ஒழியும். நம் நாட்டின் பொதுச் சட்டத்துக்கு அடிப்படையான உரோம-டச்சுச் சட்டமும் இக்கொள்கையின் வழித்தோன்றலே. பின்னர் அரசுகள் காட்டையும் வேட்டையையும் தம் ஆட்சிக்குட் கொண்டுவந்தன. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவ்வகையில் முக்கியமானது. பிடித்தல், கொல்லுதல், ஏற்றுமதி செய்தல் ஆகியவற்றை அது கட்டுப்படுத்துகின்றது.

ஆனால் இச்சட்டங்கள் யாவும் உடலையே காத்தன. ஒரு யானை, ஒரு தோல், ஒரு மரத்துண்டு ஆகிய இவை எண்ணத்தக்கவை, நிறுக்கத்தக்கவை, துறைமுகத்தில் மறித்துப் பிடிக்கத்தக்கவை. பிறப்புரிமை வளமோ அவ்வாறு அன்று. நெருப்பைப் போல, ஒன்றிலிருந்து எத்தனை விளக்கையும் ஏற்றலாம். முதல் விளக்கு குறைவதில்லை. நம் மலைநாட்டுக் காடுகளில் மாத்திரம் வாழும் கொம்புப் பல்லிகள் கள்ளமாகக் கடல் கடந்து, ஐரோப்பிய விலங்குப் பிரியர்களின் கண்ணாடிப் பேழைகளில் விற்பனைக்கு வந்தன. பிறநாட்டு மண்ணை அடைந்த பின்னர் நம் சட்டத்தின் கை அவற்றை எட்டவில்லை. 2019இல் அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சர்வதேச சமவாயத்தின் பட்டியலில் அவை சேர்க்கப்பட்ட பின்னரே பிறநாடுகளுக்கும் அவற்றைத் தடுக்கும் கடமை உண்டாயிற்று. சீனா இதனை முன்பே உணர்ந்த நாடு. அது தன் பண்டாக் கரடிகளைப் பிறநாட்டு விலங்குக்காட்சிச் சாலைகளுக்கு இரவலாகவே கொடுக்கின்றது. அங்கே பிறக்கும் குட்டிகளும் சீனாவுக்கே உரியவை என்பது உடன்படிக்கையின் நிபந்தனை. தாயோடு மகவுக்கும் உரிமை கொண்டாடும் அம்முறை, சில நூறு பண்டாக்களுக்கு இயலும். கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கு இயலுமா?

இயலாது என்பதற்கு அமெரிக்காவின் யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவே சான்று. அங்குள்ள வெந்நீரூற்றொன்றில் 1966இல் தோமஸ் புரொக் என்னும் விஞ்ஞானியும் அவருடைய மாணவரும் மிக உயர்ந்த வெப்பத்திலும் வாழும் பற்றீரியா ஒன்றைக் கண்டெடுத்தனர். அதன் நொதியம் வெப்பத்திற் சிதையாதது. டி.என்.ஏ. மூலக்கூறைப் பல கோடி மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். முறைக்கு அந்த நொதியமே அச்சாணியாயிற்று. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் நம்மில் எத்தனை பேர் அப்பரிசோதனைக்கு உட்பட்டோம்! அம்முறையின் ஆக்கவுரிமை 1991இல் சுவிற்சர்லாந்துக் கம்பனியொன்றுக்கு 30 கோடி டொலருக்குக் கைமாறிற்று. அப்பற்றீரியா வாழ்ந்த பூங்காவுக்கோ அதில் ஒரு சதமும் கிட்டவில்லை. காவற்காரர்கள் பூவொன்றைப் பறிக்கவும் இடங்கொடாத பூங்காவிலிருந்து, கண்ணுக்குப் புலப்படாத ஓர் உயிரின் செல்வம் முழுவதும் எவருடைய சட்டத்தையும் மீறாமல் வெளியே சென்றது.

உலகின் உடைமையா, நாட்டின் உடைமையா?

இத்தகைய அனுபவங்களினால் இரண்டு கொள்கைகள் மோதத் தொடங்கின. 1983இல் ஐக்கிய நாடுகள் உணவு, விவசாய ஸ்தாபனம், தாவரப் பிறப்புரிமை வளங்கள் மனித குலம் முழுவதற்கும் பொதுவான முதுசொம் என்று அறிவித்தது. கேட்பதற்கு இனிய கொள்கை. ஆயின் ஏழை நாட்டின் காட்டு வித்து மட்டும் உலகப் பொதுச் சொத்தாகவும், அதிலிருந்து செல்வ நாட்டுக் கம்பனி ஆக்கிய மருந்தும் விதையும் தனிச் சொத்தாகவும் இருக்குமானால், அந்தப் பொதுமை ஒருபுறம் மட்டும் திறக்கும் கதவாகும் அன்றோ? இக்குறையை உணர்ந்த வளர்முக நாடுகளின் குரல் ஓங்கிற்று. 1992இல் ரியோ நகரிற் கையொப்பத்துக்கு வைக்கப்பட்ட உயிரினப் பல்வகைமைச் சமவாயம், அவ்வளங்கள் மீது அந்தந்த நாட்டுக்கே இறைமை உண்டு என்று வகுத்தது. எடுப்போர் முன்னதாகவே அனுமதி பெறவேண்டும். பயனில் நியாயமான பங்கு தரவேண்டும். இலங்கை 1994இல் அச்சமவாயத்தை ஏற்றது. ஐக்கிய அமெரிக்கா இன்றுவரை அதில் உறுப்பு நாடாகவில்லை. 2010இல் ஜப்பானின் நகோயா நகரில் நிறைவேறிய உடன்படிக்கை பங்கீட்டு விதிகளை விரித்துரைத்தது.

விதிகள் எழுதப்படுமுன்னரே விஞ்ஞானம் அடுத்த படியில் ஏறிவிட்டது. இன்று உயிரின் பிறப்புரிமையை எழுத்துத் தொடராக வாசித்துக் கணினியிற் சேமிக்கின்றனர். அத்தொடரைக் கொண்டு உலகின் மறுகோடியில் ஒருவர் மூலக்கூறைத் தாமே ஆக்கிக்கொள்ளலாம். வித்தும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். 2024இல் கொலம்பியாவின் காலி நகரிற் கூடிய மகாநாடு இதற்கென ஒரு நிதியத்துக்கு வழிவகுத்தது. இவ்வெழுத்துத் தொடர்களாற் பயன்பெறும் பெருங் கம்பனிகள் தம் இலாபத்தில் நூற்றுக்கொரு பங்கையோ, வருமானத்தில் ஆயிரத்துக்கொரு பங்கையோ அதற்கு வழங்குதல் தகும் என்றும், அதில் பாதியேனும் ஆதிக்குடிகளையும் உள்ளூர்ச் சமூகங்களையும் சேர்தல் வேண்டும் என்றும் அது கூறிற்று. கொடுக்கும்படி கட்டாயப்படுத்தும் அதிகாரம் மட்டும் அதற்கு இல்லை.

அகத்தியர் மலையில் ஒரு பாடம்

இறைமை நாட்டுக்கு என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? நாடு என்பது யார்? இவ்வினாவுக்கு அகத்தியர் மலை அளித்த பாடம் சிந்தனைக்குரியது.

1987 டிசம்பரில் அம்மலையின் கேரளப் பகுதியில் விஞ்ஞானிகள் சிலர் காணி என்னும் பழங்குடி மக்களை வழிகாட்டிகளாகக் கொண்டு பயணஞ் செய்தனர். ஏற்றத்திலே விஞ்ஞானிகள் களைத்தனர், வழிகாட்டிகள் களைக்கவில்லை. அவர்கள் இடையிடையே ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டு நடந்தனர். அது தம் குலத்தின் இரகசியம் என்று முதலில் மறைத்தவர்கள், பின்னர் செடியைக் காட்டிக் கொடுத்தனர். அதற்கு ஆரோக்கியபச்சை என்று பெயர். தாவரவியலார் அதற்கு இட்ட இலத்தீன் பெயர் 'இலங்கைக்குரியது' என்ற அடைமொழி கொண்டது. அதே இனம் நம் நாட்டின் ஈரவலயக் காடுகளிலும் வளர்கின்றது. திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டிலுள்ள வெப்பவலயத் தாவரவியற் பூங்கா ஆராய்ச்சி நிலையம் அச்செடியிலிருந்து ஜீவனி என்னும் மருந்தை ஆக்கி, 1995இல் அதன் உற்பத்தி உரிமையைக் கோயம்புத்தூர் மருந்துச்சாலை ஒன்றுக்கு அளித்தது. பத்து இலட்சம் ரூபாயும் விற்பனையில் நூற்றுக்கு இரண்டும் கட்டணம். அதில் சரிபாதி காணி மக்களுக்கு என்று நிலையத்தார் தாமாகவே முடிவு செய்தனர். அதனைப் பெறுவதற்காக 1997இல் அம்மக்களின் பெயரால் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் ஒன்று பதிவு செய்யப்பட்டது. அவ்வாறு செய்யுமாறு பணிக்கும் சட்டம் எதுவும் அன்று இந்தியாவில் இருக்கவில்லை. எனவே உலகம் இதனை முன்மாதிரி என்று போற்றியது.

போற்றத்தக்கதே. எனினும் முழுக் கதையையும் அறிதல் நன்று. மருந்துச் செய்முறைக்கு ஆக்கவுரிமை கோரியது ஆராய்ச்சி நிலையம், தயாரித்தது மருந்துச்சாலை, செடியை அறிந்தவர்கள் காணி மக்கள், செடி வளர்ந்த நிலமோ வனத்துறையின் ஆட்சிக்குட்பட்டது. இலைக்குத் தேவை பெருகியபோது, செடிகள் வேரோடு பிடுங்கப்பட்டு அழியும் என்று வனத்துறை அஞ்சித் தடை விதித்தது. அவ்வச்சம் பொய்யன்று. ஆனால் அத்தடையினால், செடியை உலகுக்கு அளித்த மக்களே அதனைச் சேகரித்து விற்க வழியின்றி நின்றனர். குல மருத்துவம் அறிந்த முதியோர் சிலர், தம்மைக் கேளாமலே இரகசியம் விலைபோயிற்று என்று எதிர்த்தனர். உரிமை பல கூறாகி ஒவ்வொரு கூறும் ஒவ்வொரு கையில் இருந்தது. எல்லாக் கூறுகளும் ஒருங்கு சேராதவிடத்து எவருடைய உரிமையும் முழுப்பயன் தரவில்லை.

நம் வீட்டு நிலை

இலங்கையிலும் இதற்கு ஒப்பான கதை உண்டு. கோத்தல ஹிம்புட்டு என்று சிங்கள மக்கள் வழங்கும் காட்டுக் கொடியின் மரத்தைக் குடைந்து குவளையாக்கி, அதில் இரவு முழுதும் வைத்த நீரை நீரிழிவுக்கு மருந்தாகப் பருகுதல் நெடுங்கால வழக்கம். 1997இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் அதிலிருந்து சலசினோல் என்னும் வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தனர். பின்னர் அக்கொடியின் சாறு பற்றிய ஆக்கவுரிமைகள் வெளிநாட்டுக் கம்பனிகளுக்குச் சென்றன. கொடியோ காட்டில் மெல்ல வளர்வது. விலை தெரிந்ததும் அதனை வெட்டுவோரே பெருகினர். நட்டு வளர்ப்போர் பெருகவில்லை.

இதைக் கேட்டதும், எல்லாக் கதவுகளையும் அடைத்துவிடுவோம் என்று நம் உள்ளம் துடிக்கும். அதுவும் தீர்வன்று. நம் நாட்டு உயிரியலறிஞர் றொஹான் பெத்தியகொட 2004இல் நேச்சர் என்னும் விஞ்ஞான ஏட்டில், உயிரினப் பல்வகைமைச் சட்டங்கள் எதிர்பாராத தீங்குகளையும் விளைத்துள்ளன என்று எழுதினார். கொள்ளைக்காரரைத் தடுக்க எழுந்த வேலி, ஆராய்ச்சியாளரையும் தடுத்து நிறுத்திற்று என்பதே வாதம். பெயரிடப்படாத உயிரைக் காப்பாற்றுதல் எங்ஙனம்? நம்மிடம் இன்னது உண்டு என்று அறியாதவர், இன்னது களவு போயிற்று என்று எங்ஙனம் முறையிடுவார்?

என் கருத்து இது: உடைமைச் சட்டம் வேண்டும், ஆனால் உடைமை மட்டும் எதையும் காப்பதில்லை. காப்பவனுக்குப் பங்கில்லாத உடைமை, காவலற்ற களஞ்சியத்தின் உறுதிப்பத்திரத்தைப் போன்றது. பத்திரம் பெட்டியில் பத்திரமாக இருக்கும், களஞ்சியம் எரிந்துபோகும்.

இறப்பர் மரமே இதற்குச் சான்று தருகின்றது. விக்காம் கொண்டுவந்த வித்துக்கள் சிறியதொரு நிலப்பரப்பில் எடுக்கப்பட்டவை. ஆசியாவின் பெருந்தோட்டங்கள் பெரும்பாலும் அச்சிறு குடும்பத்தின் வழித்தோன்றல்கள். தென்னமெரிக்காவில் இறப்பர் இலைகளைக் கருகச் செய்யும் பூஞ்சண நோயொன்று உண்டு. மோட்டார் மன்னர் ஹென்றி போர்ட் 1920களின் இறுதியில் தொடங்கிய அமேசன் தோட்டம் 1945இல் கைவிடப்பட்டதற்கு அந்நோய் முக்கிய காரணமாயிற்று. அது இன்னும் ஆசியாவுக்கு வரவில்லை. வந்தால், ஒரு குடும்பத்துப் பிள்ளைகளாகிய நம் மரங்கள் ஒருங்கே நோயுறும். அவற்றை எதிர்த்து நிற்கச் செய்யும் பரம்பரையலகுகள் எங்கே உள்ளன? அமேசன் காட்டிலே தான். ஆகவே 1981இல் சர்வதேச இறப்பர் ஆராய்ச்சி அபிவிருத்திச் சபையினர் மீண்டும் பிரேசில் சென்றனர். இம்முறை பிரேசில் அரசின் இசைவோடும் பங்கேற்போடும். 60,000க்கும் மேற்பட்ட வித்துக்கள் சேர்ந்தன. அவற்றிற் சரிபாதி பிரேசிலிலேயே வைக்கப்பட்டது. எஞ்சியது மலேசியாவுக்கும் ஐவரி கோஸ்டுக்கும் பகிரப்பட்டது. அச்சேகரிப்பின் மரங்கள் இலங்கை இறப்பர் ஆராய்ச்சி நிலையத்தையும் அடைந்தன. 105 ஆண்டுகளின் பின்னர் அதே காட்டுக்கு, அதே தேவையோடு, வேறு முறையிற் சென்றனர். இம்முறையைத்தான் நான் நியாயம் என்பேன். காடு அங்கே நின்றமையாலன்றோ இரண்டாம் முறையும் கேட்க முடிந்தது? காட்டை வெட்டியிருந்தால் எச்சட்டம் எதைக் கொடுத்திருக்கும்?

இனி நம் வாசலுக்கு வருவோம். ஒரைசா ரைசோமற்றிஸ் என்னும் காட்டு நெல் உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. உலர்வலயத்தில் மாரியில் நிறைந்து கோடையில் வற்றும் நீர்நிலைகளின் ஓரமே அதன் இடம். மண்ணுக்கடியில் கிழங்குபோல் ஓடும் தண்டினால் அது வறட்சியைக் கடந்து மறு மாரியில் தளிர்க்கின்றது. வெப்பம் ஏறி மழை பொய்க்கும் காலத்தில் நெல்லுக்கு வேண்டியது அவ்வாற்றலே ஆகலாம். சர்வதேசச் சட்டம் அதன்மீதுள்ள இறைமையை இலங்கைக்கு ஐயமின்றி அளிக்கின்றது. கன்னொறுவையிலுள்ள பிறப்புரிமை வள நிலையம் பயிர்களின் விதைகளைக் குளிரறையிற் காக்கின்றது. ஆனால் குளிரறையில் உறங்கும் விதை மாறும் காலநிலையோடு பழகுவதில்லை. வெயிலிலும் வெள்ளத்திலும் நின்று, தலைமுறைதோறும் தன்னைத் திருத்திக்கொள்வது வெளியில் வளரும் புல்லே. அப்புல் நிற்கும் பள்ளத்தை மண்ணிட்டு நிரப்பினால், இறைமை எஞ்சும், நெல் எஞ்சாது.

குளத்தின் அருகே பாடசாலை இல்லாத ஊர் நம் வன்னியில் அரிது. ஆசிரியர் ஒருவர் தம் மாணவரை அக்கரைக்கு அழைத்துச் சென்று, வயல் நெல்லுக்கும் காட்டு நெல்லுக்கும் வேறுபாடு காட்டி, நின்ற இடத்தையும் பூத்த மாதத்தையும் குறிப்பேட்டில் எழுதுவிப்பாராயின், அது பிறப்புரிமையியலின் முதற் பாடமாகவும், பிறப்புரிமையின் முதற் பத்திரமாகவும் அமையும். அக்கரையைக் காக்கும் கிராமத்தவருக்கு, நாளை அப்புல்லினால் வரும் பயனில் ஒரு பங்கை எழுதிவைப்பது அரசின் கடமை. இவ்விரண்டும் நிகழ்ந்தால், பிறப்புரிமை யாருக்கு என்ற வினாவுக்கு விடை சொல்ல நமக்கு வாய் உண்டாகும். அதுவரை நாம் இழந்தவற்றின் பெயரைக்கூட அறியாத உடைமையாளராகவே இருப்போம்.